மருந்து நின்றுபோகும் இடத்தில்: புராஸ்டேட் புற்றுநோயும் முனைவர் பட்ட ஆய்வும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை நிறுவிய குடும்பத்தார் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் மாணவர்களுக்குப் பயன்படும்படி பேச வேண்டும் என்பது அது. ஆகவே புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சையின் மூலக்கூறு உயிரியல் முழுவதையும் சொல்லப் புகாமல், அதில் ஓர் இழையை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறேன். இந்தத் துறை தன் முக்கியமான பாடங்களை, கொடுத்த மருந்து வேலை செய்யாமல் போன நோயாளிகளிடமிருந்தே கற்றிருக்கிறது. மருந்துக்கு நோய் அடங்கியவர்களிடமிருந்து கற்றது அதைவிடக் குறைவு. நம் ஊர் ஆய்வேடுகளில் இந்த உண்மை இன்னும் போதிய அளவு இறங்கவில்லை என்பது என் வருத்தம். அந்த வருத்தத்தோடுதான் இங்கே நிற்கிறேன்.

1941இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புராஸ்டேட் புற்றுநோய் பரவிய ஆண்களுக்கு விரைகளை அறுவை செய்து நீக்கினார்கள், அல்லது ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். இரத்தத்தில் அமில பாஸ்பட்டேஸ் என்னும் நொதியின் அளவு இறங்கியது. ஆண் ஹார்மோனை ஊசியாகச் செலுத்தியபோது அதே அளவு ஏறியது. புற்றுச் செல் உடலின் கட்டுப்பாட்டை முற்றிலும் உதறிவிட்டுத் தன்போக்கில் வளர்வது என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலம் அது. ஒரு புற்றுநோய் உடலின் ஹார்மோனை நம்பி வாழ்கிறது, அந்த ஹார்மோனை எடுத்துவிட்டால் சுருங்குகிறது என்று அவர்கள் எண்களோடு காட்டினார்கள். எலும்பு வலியில் துடித்துக்கொண்டிருந்தவர்கள் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்தார்கள். ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு 1966இல்தான் வந்தது.

அந்தச் சிகிச்சையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. கத்திக்குப் பதிலாக ஊசி வந்தது. ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கில்லெமினும் மூளையின் ஹைப்போதாலமஸில் சுரக்கும் ஒரு சிறிய ஹார்மோனின் அமைப்பைக் கண்டுபிடித்து 1977இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அதை ஒட்டிச் செய்யப்பட்ட லியூப்ரோலைடு 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் நம் அரசு மருத்துவமனைகளில் இன்றும் விரை நீக்கம் நடக்கிறது. ஒரு முறை செய்தால் போதும், மாதாமாதம் ஊசிக்குப் பணம் தேட வேண்டாம் என்பதே காரணம். மூலக்கூறு பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இனி, பிரச்சினைக்கு வருவோம். நோய் பரவிய நிலையில் வருபவர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சிகிச்சை சில ஆண்டுகளுக்குத்தான் பலன் தருகிறது. பிறகு நோய் மீண்டும் தலையெடுக்கிறது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் ஏறக்குறைய இல்லை, ஆனாலும் புற்று வளர்கிறது. ஏன்?

பல பத்தாண்டுகளாகப் பாடநூல்கள் சொன்ன விடை, புற்றுச் செல்கள் ஹார்மோனின் தேவையையே கடந்துவிட்டன என்பது. அந்த விடை பெரும்பாலும் தவறு. அது தவறு என்பதற்கான தடயம் ஒவ்வொரு நோயாளியின் இரத்தப் பரிசோதனைத் தாளிலும் இருந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

டெஸ்டோஸ்டீரோன் புராஸ்டேட் செல்லுக்குள் நுழைந்ததும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதி அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோனாக மாற்றுகிறது. அது ஆண்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதத்தில் போய்ப் பொருந்துகிறது. பொருந்திய ஏற்பி செல்லின் உட்கருவுக்குள் சென்று, டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, பல மரபணுக்களை இயக்குகிறது. அப்படி இயக்கப்படும் மரபணுக்களில் ஒன்று பி.எஸ்.ஏ. புரதத்துக்கானது. சிகிச்சை பெறும் நோயாளிக்கு மருத்துவர் சில மாதங்களுக்கு ஒரு முறை எழுதித் தரும் அதே பி.எஸ்.ஏ. பரிசோதனைதான். சிகிச்சை தொடங்கியதும் அந்த எண் விழுகிறது, நோய் திரும்பும்போது ஏறுகிறது. பி.எஸ்.ஏ. மரபணுவை இயக்குவது ஆண்ட்ரோஜன் ஏற்பி என்றால், ஹார்மோன் இல்லாத உடலில் அந்த எண் ஏறுவதற்கு என்ன பொருள்? ஏற்பி மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதுதான். மருத்துவமனைப் பதிவேடுகளில் ஆயிரக்கணக்கான முறை எழுதப்பட்ட ஓர் எண்ணுக்குள் நோயின் இரகசியம் வெளிப்படையாகக் கிடந்தது.

அதைப் படித்தறிய உதவியவை தோல்விகளே. லின்கேப் என்ற செல் லைன் உங்களில் பலருக்குத் தெரியும். 1977இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில், ஒரு நோயாளியின் நிணநீர் முடிச்சுக்குப் பரவிய புற்றிலிருந்து எடுக்கப்பட்டது. ஏற்பியைத் தடுப்பதற்காகக் கொடுக்கப்படும் ஃப்ளூட்டமைடு இந்தச் செல்களை வளரத் தூண்டியது! 1990இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் குழு காரணத்தைக் கண்டது. ஏற்பியின் 877ஆம் இடத்தில் த்ரியோனின் இருக்க வேண்டிய இடத்தில் அலனின் இருந்தது. ஓர் அமினோ அமிலம் மாறியதில் தடை மருந்தே தூண்டும் பொருளாகிவிட்டது. 1993இல் நியூயார்க் மருத்துவர்கள், ஃப்ளூட்டமைடு எடுத்துக்கொண்டிருக்கும்போதே நோய் முற்றியவர்களுக்கு அந்த மருந்தை நிறுத்தினாலே சிலருக்குப் பி.எஸ்.ஏ. குறைகிறது என்று எழுதினார்கள். 1995இல் பின்லாந்தின் தம்பரே நகரிலிருந்து வந்த ஆய்வு, திரும்பி வந்த புற்றுகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் ஏற்பியின் மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. அதே நோயாளிகளின் சிகிச்சைக்கு முந்தைய திசுவில் அந்தப் பெருக்கம் இல்லை. கவனியுங்கள்: சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என இரண்டு திசுக்களும் கையில் இருந்ததால்தான் இது தெரிந்தது. இதை மனத்தில் வைத்திருங்கள், இங்கே திரும்ப வருவேன்.

2004இல் லாஸ் ஏஞ்சலஸில் சார்லஸ் சாயர்ஸின் ஆய்வகம் இதை முடிவாக நிறுவியது. எலிகளில் வளர்த்த மனிதப் புற்றுகளை, ஹார்மோனுக்கு அடங்கிய நிலையிலும் அடங்காத நிலையிலும், ஏழு ஜோடிகளாக ஒப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான மரபணுக்களில், எல்லா ஜோடிகளிலும் மாறாமல் கூடியிருந்தது ஆண்ட்ரோஜன் ஏற்பியின் செய்தி ஆர்.என்.ஏ. ஒன்றுதான். ஏற்பி மிகுந்துவிட்டால் பழைய தடை மருந்துகள் தூண்டும் மருந்துகளாகி விடுகின்றன என்பதையும் அவர்கள் காட்டினார்கள். பிறகு வேதியியலாளர் மைக்கேல் ஜங்குடன் சேர்ந்து, ஏற்பி மிகுந்த செல்களிலேயே புதிய சேர்மங்களைச் சோதித்தார்கள். அப்படிப் பிறந்தது என்சலூட்டமைடு. தோல்வியடைந்த நிலையைச் சோதனைக் குழாயில் உருவாக்கி, அந்த நிலையில் வெல்லும் மருந்தைத் தேடியதுதான் இதில் நான் மெச்சும் அறிவு.

இதற்கு இணையாக லண்டனின் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் அபிராடெரோன் உருவானது. விரைகளை நீக்கினாலும் அட்ரினல் சுரப்பியும், புற்றுச் செல்லுமேகூட, ஆண் ஹார்மோனைத் தயாரிக்கும். அந்தத் தயாரிப்புக்கு வேண்டிய நொதியை அபிராடெரோன் முடக்குகிறது. 2011இல் அபிராடெரோனும் 2012இல் என்சலூட்டமைடும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இவை எவ்வளவு காலம் தந்தன? கீமோதெரபிக்குப் பிறகும் நோய் முற்றியவர்களிடம் நடந்த பெரிய சோதனைகளில் அபிராடெரோன் பெற்றவர்களின் இடைநிலை வாழ்காலம் 14.8 மாதம், பெறாதவர்களுக்கு 10.9. என்சலூட்டமைடில் 18.4, பெறாதவர்களுக்கு 13.6. நான்கைந்து மாதம்தானா என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. அந்த நான்கைந்து மாதத்தில் ஒரு மகளின் திருமணம் நடக்கலாம், ஒரு பேரன் பிறக்கலாம். மேலும் அது இடைநிலை எண். சிலருக்குப் பல ஆண்டுகள் கிடைத்தன, சிலருக்கு எதுவுமே கிடைக்கவில்லை. அந்த இரண்டாவது கூட்டத்தார் யார் என்பதுதான் ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேட்டார்கள். 2014இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் 62 நோயாளிகள்: 31 பேர் என்சலூட்டமைடும் 31 பேர் அபிராடெரோனும் தொடங்கியவர்கள். இரத்தத்தில் சுற்றும் புற்றுச் செல்களில் ஏஆர்-வி7 என்ற ஏற்பி வடிவம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஹார்மோன் பொருந்தும் பகுதி இல்லாமல் வெட்டி ஒட்டப்பட்ட ஏற்பி அது. என்சலூட்டமைடு ஒட்டுவதும் அந்தப் பகுதியில்தான். ஹார்மோன் இல்லாமலேயே ஓயாது இயங்கும் இந்த ஏற்பியை மருந்து எங்கே பிடிக்கும்? ஏஆர்-வி7 இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட இந்த மருந்துகளால் பி.எஸ்.ஏ. எதிர்பார்த்த அளவு குறையவில்லை.

இப்போது ஒரு முனைவர் பட்ட மாணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தச் சொற்பொழிவுக்கு ஒப்புக்கொண்டதே இதைச் சொல்வதற்காகத்தான்.

2005இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், அருள் சின்னையனின் ஆய்வகத்தில், ஸ்காட் டாம்லின்ஸ் மருத்துவமும் முனைவர் பட்டமும் சேர்த்துப் படிக்கும் மாணவர். அக்காலத்தில் எல்லோரும் செய்தது ஒன்றுதான். புற்றுத் திசு ஒரு பக்கம், இயல்பான திசு ஒரு பக்கம் வைத்து, ஒவ்வொரு மரபணுவின் சராசரி இயக்கத்தையும் ஒப்பிட்டார்கள். எல்லா நோயாளிகளிலும் கொஞ்சம் கூடியிருக்கும் மரபணு அந்த முறையில் மேலே வரும். பாதி நோயாளிகளில் மட்டும் பல மடங்கு பொங்கியெழுந்து, மீதிப் பேரில் அசைவே இல்லாமல் கிடக்கும் மரபணு சராசரியில் அமுங்கிப் போகும். டாம்லின்ஸும் உடன் உழைத்தவர்களும் சராசரியைத் தூக்கி வைத்துவிட்டு, விலகி நிற்பவர்களைத் தேடும் கணக்கு ஒன்றை வகுத்தார்கள். கணிதம் மிக எளியது. ஒவ்வொரு மரபணுவின் அளவிலிருந்தும் இடைநிலையைக் கழித்து, இடைநிலை விலகலால் வகுத்து, 75, 90, 95 ஆகிய நூற்றுமானங்களில் எந்த மரபணு ஓங்கி நிற்கிறது என்று பார்ப்பது. பிளஸ் டூ புள்ளியியல் தெரிந்தவர்களுக்கு இது புரியும். புதிதாக ஒரு திசுவைக்கூட எடுக்காமல், பிறர் ஏற்கெனவே வெளியிட்டிருந்த தரவுகளிலேயே முதலில் தேடினார்கள்.

இ.ஆர்.ஜி., இ.டி.வி.1 என்ற இரண்டு மரபணுக்கள் மேலே எழுந்தன. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆனால் ஒன்று ஓங்கிய புற்றில் மற்றொன்று ஓங்கவில்லை. ஏன் ஓங்கின என்று அந்தச் செய்தி ஆர்.என்.ஏ.வின் முனையை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, முனைப்பகுதி அந்த மரபணுவுக்கே உரியதாக இல்லை. அது டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற வேறொரு மரபணுவின் தொடக்கம். இ.ஆர்.ஜி.யும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2வும் 21ஆம் குரோமோசோமில் ஏறத்தாழ முப்பது லட்சம் காரங்கள் இடைவெளியில் இருப்பவை. இடையிலுள்ள பகுதி உடைந்து நீங்கியோ இடம் மாறியோ இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. டிஎம்பிஆர்எஸ்எஸ்2 ஆண்ட்ரோஜன் ஏற்பியின் கட்டளைக்கு இயங்கும் மரபணு. தன் தோட்டத்து மோட்டாரின் சுவிட்சிலிருந்து பக்கத்துத் தோட்டத்து மோட்டாருக்கு ஒயர் இழுத்துவிட்டது போல, ஆண் ஹார்மோன் வரும்போதெல்லாம் இப்போது இ.ஆர்.ஜி. ஓடுகிறது. இப்படி மரபணுக்கள் ஒட்டிக்கொள்வது இரத்தப் புற்றுநோய்களின் குணம் என்றும், உறுப்புகளில் வரும் பொதுவான புற்றுகளில் அரிது என்றும் நம்பியிருந்தார்கள். மேற்கு நாடுகளில் புராஸ்டேட் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இந்த இணைவு உண்டு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. டிஎம்பிஆர்எஸ்எஸ்2 தரும் புரதத்தைக் கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்துகிறது என்று 2020இல் அந்தப் பெயர் உலகெங்கும் அடிபட்டது. புராஸ்டேட் ஆய்வாளர்களுக்கு அது பதினைந்து ஆண்டுப் பழக்கம்.

அந்த இணைவை நேரடியாகத் தாக்கும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அந்தக் கணக்கு அங்கே நிற்கவில்லை. இணைவு இல்லாத புற்றுகளில் தேடியபோது, 2008இல் ஸ்பிங்க்1 என்ற மரபணு தனித்து ஓங்கி நின்றது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நோயாளிகளில் அது ஓங்கியிருந்தது, அவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பும் அதிகம். சின்னையனின் ஆய்வகத்தில் பணியாற்றிய புஷ்ரா அதீக் பிறகு கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்து தம் ஆய்வகத்தை அமைத்தார். 2020இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையை நம் ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று சொல்வேன். ஆண்ட்ரோஜன் ஏற்பியும் அதன் துணைப் புரதமான ரெஸ்ட்டும் சேர்ந்து ஸ்பிங்க்1ஐ அடக்கி வைத்திருக்கின்றன. ஏற்பியை மருந்தால் தடுத்தால் அந்த அடக்கமும் போய்விடுகிறது. ஸ்பிங்க்1 எழுகிறது, செல் தன் புராஸ்டேட் இயல்பை விட்டு நரம்பு சார்ந்த சுரப்புச் செல்லின் குணத்துக்கு நகர்கிறது. அந்த நிலையை அடைந்த புற்று ஏற்பியையே நம்புவதில்லை. பி.எஸ்.ஏ.வும் அதைக் காட்டிக்கொடுக்காது. ஹக்கின்ஸ் தொடங்கிய அதே சிகிச்சை, சில நோயாளிகளில் நோயின் அடுத்த உருவத்துக்கு வழி திறக்கிறது என்று இந்திய ஆய்வகம் ஒன்று மூலக்கூறு அளவில் காட்டியிருக்கிறது. அதே ஆண்டில் பேராசிரியர் அதீக் மருத்துவ அறிவியலுக்கான பட்நாகர் விருது பெற்றார்.

கான்பூரில் இது நடந்தது. இங்கே என்ன நடக்கிறது என்று கேட்பது என் கடமை.

நம் பல்கலைக்கழகங்களில் புராஸ்டேட் புற்றுநோய் பற்றி வரும் ஆய்வேடுகளில் பெரும்பகுதிக்கு ஓர் அச்சு இருக்கிறது. ஒரு மூலிகை, அதன் இலையின் சாறு, அதைப் பிசி-3 செல்கள் மேல் ஊற்றி, எம்.டி.டி. சோதனையில் எத்தனை செல்கள் செத்தன என்று ஒரு வரைபடம். பிசி-3 எலும்புக்குப் பரவிய புற்றிலிருந்தும், டியூ145 மூளைக்குப் பரவிய புற்றிலிருந்தும் எடுக்கப்பட்டவை. இரண்டிலும் ஆண்ட்ரோஜன் ஏற்பி செயல்படுவதில்லை. இந்த நோயின் உயிர்நாடி எதுவோ அது இல்லாத செல்லில் சோதித்துவிட்டு, புராஸ்டேட் புற்றுநோய்க்கு மருந்து கண்டதாக முடிவுரை எழுதுவது சரியல்ல. மூலிகையை நான் குறைத்துப் பேசவில்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்கு இன்று கொடுக்கப்படும் டோசிடாக்செல் ஊசியின் மூலப்பொருளே யூ மரத்தின் இலையிலிருந்து வருவதுதான். நான் கேட்பது, எந்த நோயாளியின் எந்த நிலையை மனத்தில் வைத்து அந்தச் செல்லைத் தேர்ந்தீர்கள் என்பது. லின்கேப்பையும், என்சலூட்டமைடுக்கு அடங்காமல் வளர்த்தெடுத்த லின்கேப்பையும் பக்கத்தில் வைத்து அதே சாற்றைச் சோதித்தால் ஆய்வேடே வேறாகிவிடும்.

செல் யாருடையது என்று உறுதி செய்வதும் அவசியம். டிஎஸ்யூ-பிஆர்1 என்ற செல் லைனைப் பல ஆண்டுகள் புராஸ்டேட் புற்று என்று நம்பிக் கட்டுரை எழுதினார்கள். 2001இல் மரபணு அடையாளச் சோதனை செய்தபோது அது டி24 என்னும் சிறுநீர்ப்பைப் புற்றின் செல் என்று தெரிந்தது. அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஓர் ஆய்வேட்டின் அச்சுச் செலவை ஒட்டித்தான் இருக்கும். வைவாவில் அந்தச் சான்றைக் கேட்பதைத் தேர்வாளர்கள் வழக்கமாக்க வேண்டும்.

பரம்பரை மரபணுக்கள் பற்றிச் சுருக்கமாக. 2016இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 692 ஆண்களில் 11.8 விழுக்காட்டினருக்கு டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிறவிக் குறை இருந்தது. அவற்றில் முதன்மையானது பிஆர்சிஏ2. மார்பகப் புற்றுநோயோடு நாம் சேர்த்துக் கேள்விப்பட்ட பெயர் அது. அந்தக் குறை உள்ளவர்களுக்கு ஒலாபரிப் மாத்திரை 2020இல் அனுமதிக்கப்பட்டது. அப்பாவுக்கு வந்த நோயின் மரபணுச் சோதனை மகளுக்கும் தங்கைக்கும் எச்சரிக்கையாகிறது. நம் மருத்துவமனைகளில் குடும்ப வரலாறு கேட்கும் படிவத்தில் இந்தத் தொடர்புக்கு ஓர் இடம் வேண்டும். புராஸ்டேட் செல்லின் மேற்பரப்பிலுள்ள பி.எஸ்.எம்.ஏ. புரதத்தைத் தேடிச் சென்று கதிர்வீச்சுத் தரும் லூட்டீசியம்-177 சிகிச்சை பற்றியும் பேச ஆசைதான், நேரமில்லை. அந்த லூட்டீசியத்தை மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையம் தயாரிக்கிறது என்பதை மட்டும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

தம்பரே ஆய்வுக்குத் திரும்புகிறேன். சிகிச்சைக்கு முன் ஒரு திசு, மருந்து நின்றுபோன பின் ஒரு திசு. நம்மிடம் முதலாவது இருக்கிறது, மெழுகுக் கட்டிகளாகப் பேத்தாலஜி துறையின் அலமாரிகளில். இரண்டாவது பெரும்பாலும் இல்லை. நோய் திரும்பியவர் தளர்ந்து போயிருப்பார், எலும்பிலிருந்து பயாப்சி எடுப்பது அவருக்கும் மருத்துவருக்கும் கடினம், வெளியூர்க்காரர் என்றால் திரும்பி வருவதே அரிது. ஆனால் இன்று ஒரு குழாய் இரத்தம் பெரும்பாலும் போதும். அதில் மிதக்கும் புற்று டி.என்.ஏ.வில் ஏற்பியின் பிரதிப் பெருக்கத்தையும் திரிபையும் பார்க்கலாம். ஏஆர்-வி7 பார்க்க வேண்டுமானால் இரத்தத்தில் சுற்றும் புற்றுச் செல்களிலிருந்து ஆர்.என்.ஏ. எடுக்க வேண்டும், அதுவும் அதே இரத்தத்தில் கிடைப்பது.

அதைவிட எளிதான ஒன்றையும் சொல்கிறேன். எச்எஸ்டி3பி1 என்ற மரபணுவில் பிறவியிலேயே ஒரு மாற்று வடிவம் சிலருக்கு உண்டு. 367ஆம் இடத்தில் அஸ்பாரஜினுக்குப் பதிலாகத் த்ரியோனின். அந்த நொதி எளிதில் சிதைவதில்லை, அதனால் அட்ரினல் சுரப்பிலிருந்து செல்லுக்குள் ஆண் ஹார்மோன் தொடர்ந்து உருவாகிறது. 2013இல் கிளீவ்லாந்தில் நீமா ஷரீஃபியின் குழு இதைக் கண்டது. இரண்டு பிரதியும் அந்த வடிவமாக இருப்பவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை சீக்கிரமே பலன் இழக்கிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. இதைப் பார்க்கக் கொஞ்சம் இரத்தமும் ஒரு பி.சி.ஆர். இயந்திரமும் போதும், இரண்டும் இந்த வளாகத்தில் உண்டு. நம் மாவட்டங்களிலிருந்து வரும் நோயாளிகளில் எத்தனை பேருக்கு இந்த வடிவம் இருக்கிறது, அவர்களுக்குச் சிகிச்சை எத்தனை மாதம் தாங்குகிறது என்று கணக்கெடுப்பது ஒரு முழு ஆய்வேட்டுக்கான வேலை. நாளை வார்டுக்குப் போனால் மருத்துவருக்கே அது பயன்படும்.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டு எனக்கு அடுத்தவருக்குப் போர்த்தும் பொன்னாடைக்கும் தங்கும் விடுதிக்கும் ஆகும் செலவையும், இந்த நிதியின் வட்டியில் ஒரு பங்கையும் சேர்த்து, யூராலஜி வார்டுக்கு அருகிலேயே மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஒன்றும், நோயாளிகளிடம் தமிழில் விளக்கி ஒப்புதல் பெற ஒரு பணியாளரும் ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவர்கள் அதில் வைக்க வேண்டியது, நோய் திரும்பிய ஒவ்வொருவரின் இரத்தமும், அவர் சிகிச்சை தொடங்கிய தேதியும், நின்றுபோன தேதியும். முதல் மாதிரி வந்த அன்றே இங்கே உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் வேலையைத் தொடங்கலாம்.